பழைய பெரிய மெஷினா, புதிய சின்ன மெஷினா?

கேள்வி, பிப்ரவரி 4

தையல் நன்றாகத் தெரியும், எம்ப்ராய்டரி மெஷினைத் தொட்டதில்லை. துண்டு, குழந்தைச் சட்டை, துணிப்பை இவற்றில் பெயர் போட வேண்டும், சின்னதாய்ப் பூ போட வேண்டும், கை பழகினால் நாலு பேருக்குச் செய்து கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் தொகைக்கு 100×100 மி.மீ. ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) உள்ள புது மெஷின் ஒன்று வரும். அதே தொகைக்கு, வெகு காலத்துக்கு முன் வந்த, அந்த நாளில் பெரிய விலைக்கு விற்ற மெஷின் ஒன்று பெரிய ஹூப்போடு கிடைக்கிறது. பழசு இரும்பு, உழைக்கும் என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில், பிப்ரவரி 4, இரவு

பழசு. யோசிக்க வேண்டாம்.

எம்ப்ராய்டரி மெஷினில் வாங்கிய பிறகு மாற்றவே முடியாதது ஹூப் ஓடும் பரப்புதான். ஊசி, நூல், டிசைன் எல்லாம் மாறும். ஹூப்பை 100 மி.மீ.க்கு மேல் நகர்த்தாத மெஷின் கையை 180-க்கு நகர வைக்க யாராலும் முடியாது. பெட்டியின் மேல் 'உள்ளே இத்தனை டிசைன்' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள், அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பிரதர் பிஇ800-இல் 138 டிசைன் உண்டு. அந்த மாதிரி ஒரு மெஷினில் மூன்று வருடமாக வேலை செய்கிற எனக்கு அவற்றில் நாலைந்துக்கு மேல் பயன்பட்டதில்லை.

பிப்ரவரி 5

"100×100 போதாதா?" என்று இன்னொருவர் கேட்கிறார். குழந்தைச் சட்டையின் மார்பில் ஒரு யானைக்குப் போதும். பெயர்தான் சிக்கல். 'மீனாட்சிசுந்தரம்' ஒன்பது எழுத்து. 100 மி.மீ.யை ஒன்பதால் வகுத்தால் ஓர் எழுத்துக்குப் பதினொரு மி.மீ. அகலம், அதிலும் 'னா'வுக்கு ஒரு கால் தனியாக நிற்க இடம் வேண்டும். 'கயல்' என்று பெயர் வைத்தவர்களுக்குப் பிரச்சினையே இல்லை.

இதில் எல்லோரும் ஒருமுறை விழுகிற குழி ஒன்று உண்டு. இந்த ஹூப்பை 'நாலுக்கு நாலு இன்ச்' என்று சொல்லி விற்கிறார்கள். நாலு இன்ச் என்றால் 101.6 மி.மீ., மெஷின் ஒத்துக்கொள்வதோ 100 மி.மீ. சரியாக நாலு இன்ச்சில் செய்த டிசைனைப் பென் டிரைவில் போட்டுச் செருகினால் மெஷின் அதைக் கண்டுகொள்ளாது. நான் பென் டிரைவ் பழுது என்று நினைத்து இரண்டு புதிது வாங்கினேன். பழுது ஒன்றரை மி.மீ.யில் இருந்தது.

பிப்ரவரி 7

முதல் நாள் சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கேட்டவர் அந்தப் பழைய மெஷினின் படம் அனுப்பினார். பக்கவாட்டில் அட்டை (மெமரி கார்டு) செருகும் துளை இருக்கிறது, யுஎஸ்பி இல்லை. இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஹூப்பைப் பற்றிப் பேசும் உற்சாகத்தில் விட்டுவிட்டேன்.

'பழசு இரும்பு' என்பது கால் மிதித்து ஓட்டும் தையல் மெஷினுக்குச் சரி. அதற்கு எண்ணெய் போட்டால் பேரன் காலம் வரை ஓடும். இந்த மெஷின் கணினியோடு பிறந்தது. 1990-இல் ஜானோம் மெமரி கிராஃப்ட் 8000 வந்தபோதே வீட்டு எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் அட்டையில்தான் போயிற்று. அந்தக் காலத்து மெஷின்களில் இரும்பு இன்னும் நன்றாகவே இருக்கும். டிசைன் உள்ளே போகும் வாசல்தான் அடைபட்டிருக்கும். அட்டையில் எழுதத் தனிப் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஒரு மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் இன்றைய 64 பிட் விண்டோஸில் பெரும்பாலும் ஓடாது. சிலவற்றுக்கு, சாவி மாதிரி ஒரு சின்னப் பொருளைக் கணினியில் செருகினால்தான் திறக்கும். முதல் சொந்தக்காரர் அதை எந்த டிராயரில் போட்டாரோ.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், பட்டிருக்கிறேன். நான் முதலில் வாங்கியது இப்படி ஒன்று. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, மெஷின் மேல் தப்பில்லை. தையல் பஞ்சு மாதிரி ஓடியது. கூட வந்த இரண்டு அட்டைகளில் இருந்த ரோஜாவையும் வாத்தையும் ஒரு மாதம் போட்டேன், வீட்டில் எந்தத் துணியை எடுத்தாலும் வாத்து. பிறகு அக்கா வீட்டுப் பரணிலிருந்து பழைய மடிக்கணினி ஒன்றை இறக்கி, மூன்று வாரம் மல்லுக்கட்டி, அட்டையில் என் சொந்த டிசைனை ஏற்றினேன். அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. ஐந்து மாதத்தில் அந்த மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் போயிற்று. இன்றைக்கும் அந்த மெஷின் இருக்கிறது, வாத்து போடும்.

பிப்ரவரி 7, இன்னும் கொஞ்சம்

அப்படியானால் புதுசா? இல்லை. யுஎஸ்பி இருக்கும் பழசு. 'எந்த ஆண்டு' என்று கேட்பதற்கு முன் 'டிசைன் எந்த வழியாகப் போகும்' என்று கேளுங்கள். யுஎஸ்பியிலும் இரண்டு வகை உண்டு: பென் டிரைவ் நேராகச் செருகுவது, கம்பி வழியாகக் கணினியோடு மட்டும் பேசுவது. இரண்டாவதற்கும் பழைய மென்பொருள் தேவைப்படலாம். முதலாவதைத் தேடுங்கள். கூடவே 2 அல்லது 4 ஜிபி பென் டிரைவ் ஒன்று, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்தது, வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெஷின்கள் பெரிய டிரைவைப் பார்த்தால் விழிக்கும்.

பிப்ரவரி 10

பழசைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டு போவது என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் துணி, உங்கள் ஸ்டெபிலைசர் (துணி சுருங்காமலிருக்க அடியில் வைக்கும் தாள்), புது 75/11 எம்ப்ராய்டரி ஊசி, 40 எண் பாலியஸ்டர் நூல், பாபின் நூல், டிசைன் ஏற்றிய பென் டிரைவ். விற்பவர் காட்டும் மாதிரித் துணியை மரியாதைக்குப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுங்கள். அது எந்த மெஷினில் தைத்தது என்று துணிக்குத் தெரியாது.

மெஷினைப் போட்டதும் ஹூப் மாட்டும் கை ஓரத்துக்குப் போய் நடுவுக்கு வரும். அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். சீரான ரீங்காரம் சரி. கடகடவென்று பல் தாண்டுகிற சத்தம் வந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம். ஹூப்பை மாட்டிய பின் ஒரு விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். கொக்கி தேய்ந்திருந்தால் லொடலொடக்கும், அந்த ஆட்டம் அப்படியே டிசைனில் தெரியும்.

அப்புறம் ஒரு வட்டம். உள்ளே நிரப்புத் தையல், சுற்றிலும் சாட்டின் கரை, அதாவது நெருக்கமான குறுக்குத் தையலில் ஒரு பட்டை. பல மெஷின்களில் இப்படி ஏதாவது ஒன்று உள்ளேயே இருக்கும். கடைசியில் கரை நிரப்பின் மேல் சரியாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இடைவெளி விட்டால், முதலில் ஸ்டெபிலைசர் தளர்வா என்று பார்த்து இன்னொரு தடவை போடுங்கள். திரும்பவும் அதே பக்கம் விலகினால் மெஷின்தான்.

துணியைத் திருப்புங்கள். சாட்டின் பட்டையின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளைப் பாபின் நூல், இரு ஓரத்திலும் மேல்நூல். இது டென்ஷன் சரி என்பதற்கு அடையாளம். ஊசித்தட்டைக் கழற்றச் சொல்லி அதன் துளையைச் சுற்றி விரலால் தடவுங்கள், பாபின் கேஸையும். ஊசி குத்திய கீறல் இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். தட்டும் கேஸும் மாற்றக்கூடிய பொருள்கள்தான், அதனால் இது பேரம் பேச நல்ல இடம்.

பல மெஷின்களில் அமைப்புப் பக்கத்தில் மொத்தத் தையல் எண்ணிக்கை தெரியும். 'எப்போதாவதுதான் போட்டேன்' என்பவரின் மெஷினில் கோடிக்கணக்கில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு எப்போதாவது என்றால் தினமும் போல.

பிப்ரவரி 11

பழசில் இன்னொன்று. தையலும் எம்ப்ராய்டரியும் சேர்ந்த மெஷின் என்றால் எம்ப்ராய்டரிப் பகுதி தனிப் பெட்டி. அது இல்லாமல் வெறும் தையல் மெஷினாக விற்பவர்கள் உண்டு, 'அது எங்கேயோ இருக்கிறது, தேடித் தருகிறேன்' என்பார்கள். தேடிக் கிடைத்த பிறகு பணம் கொடுங்கள்.

பிப்ரவரி 13

மேலே உள்ளதற்கு ஒரு மறுப்பு வந்திருக்கிறது: சேர்ந்த மெஷின்தான் இட லாபம் என்று. ஒரே மேசை உள்ளவருக்குச் சரி. கேட்டவரிடம் ஏற்கெனவே தையல் மெஷின் இருக்கிறது. எம்ப்ராய்டரி மட்டும் செய்கிற மெஷின் வாங்கினால், அது முக்கால் மணி நேரம் பூப் போட்டுக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் பையைத் தைக்கலாம். சேர்ந்த மெஷினில் பூ முடியும் வரை சும்மா உட்கார வேண்டும். காரணம் அவ்வளவுதான்.

பிப்ரவரி 17

வேகம் பற்றி. கடைக்காரர் நிமிடத்துக்கு இத்தனை தையல் என்று சொல்வார். பிரதர் பிஇ535 நிமிடத்துக்கு 400, பிஇ800 650, ஜானோம் 400இ 860 வரை. 12,000 தையல் உள்ள ஒரு பூவுக்குக் கணக்குப் போட்டால் முறையே 30, 18, 14 நிமிடம். பெரிய வித்தியாசம் போலத்தான் இருக்கும்.

ஆனால் வீட்டு மெஷின் ஒற்றை ஊசி. ஆறு நிறப் பூ என்றால் ஐந்து தடவை நிற்கும், ஐந்து தடவையும் நீங்கள் எழுந்து போய் நூல் மாற்றி ஊசியில் கோத்து வர வேண்டும். அடுப்படியில் இருந்தால் அந்த 'பீப்' காதில் விழாது. என் வீட்டில் 18 நிமிடப் பூ ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததே இல்லை. ஜரிகை மாதிரி மின்னும் நூல் என்றால் வேகத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் உரியும்.

அதனால் வேகத்துக்காக அதிகம் கொடுக்காதீர்கள். ஊசி கோக்கும் கொக்கி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அது உடைந்த மெஷினில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கோத்தால் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 24

தமிழ் எழுத்து. இதற்காகவே இந்தப் பேச்சைத் தொடர்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

நான் பார்த்த எந்த மெஷினின் உள்ளெழுத்திலும் தமிழ் இல்லை. ஆகவே பெயர் போட ஆசைப்படுகிறவர் முதல் நாளே டிஜிட்டைஸ் செய்ய (வரைந்ததைத் தையல் கோப்பாக மாற்ற) கற்க வேண்டும், மெஷின் புதிதானாலும் பழையதானாலும். பட்ஜெட்டில் இதை யாரும் சேர்ப்பதில்லை. இங்க்ஸ்டிச் என்று இலவச மென்பொருள் இருக்கிறது, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்குள் ஓடும். பிரதருக்கான பிஇஎஸ், ஜானோமுக்கான ஜெஃப், விபி3, டிஎஸ்டி என்று எல்லாக் கோப்பு வகையிலும் எழுதித் தரும். முதல் வாரம் அழ வைக்கும், அப்புறம் பழகிவிடும். படத்தைக் கொடுத்தால் தானாகத் தையலாக மாற்றித் தருகிறேன் என்கிற பொத்தான்களை எழுத்து விஷயத்தில் நம்ப வேண்டாம். 'ண'வைக் கொடுத்தேன், சுழி மூன்றும் அடைத்துப்போய் உருளைக்கிழங்கு வந்தது.

40 எண் நூலில் சாட்டின் பட்டை ஒரு மி.மீ.க்குக் கீழே போனால் அழகாக வராது. ஒல்லியான எழுத்துருவை எடுத்து 10 மி.மீ. உயரத்தில் போட்டால் கோடுகள் அரை மி.மீ.தான் இருக்கும். ஒன்று தடித்த எழுத்துரு எடுங்கள், அல்லது அந்தக் கோட்டை மும்முறை ஓடும் நேர்த்தையலாக மாற்றுங்கள். இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் 60 எண் நூலும் 65/9 ஊசியும். எண் கூடினால் நூல் மெலியும், குழம்ப வேண்டாம்.

புள்ளி இருக்கிறதே, அது தனிக் கொடுமை. மேற்சொன்ன அளவில் புள்ளி ஒன்றரை மி.மீ. அதில் மெஷின் ஒரே இடத்தில் இருபது குத்துக் குத்தும். பின்னல் துணியில் ஓட்டை விழும். பூத்துண்டில் நூல் வளையங்களுக்குள் புதைந்துவிடும். நான் முதலில் போட்டுக் கொடுத்த துண்டில் 'அம்மா' என்று இருந்தது. இரண்டு துவையலில் 'அமமா' ஆகிவிட்டது. வாங்கியவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது புள்ளியை எழுத்துருவில் உள்ளதைவிடப் பெரிதாக வரைகிறேன். துண்டு என்றால் மேலே தண்ணீரில் கரையும் மெல்லிய தாள் ஒன்றை விரித்துத் தைக்கிறேன், வளையங்கள் அடியில் அமுங்கி எழுத்து மேலே நிற்கிறது.

பிப்ரவரி 25

டிஎஸ்டி கோப்பைத் திறந்தால் இலை ஊதாவாகத் தெரிகிறது, மெஷின் கெட்டுவிட்டதா என்று ஒரு கேள்வி. இல்லை. டிஎஸ்டியில் 'இங்கே நிறம் மாற்று' என்பது மட்டும்தான் இருக்கும், எந்த நிறம் என்பது இருக்காது. திரையில் ஊதா இருந்தாலும் நீங்கள் பச்சை நூல் கோத்தால் பச்சைதான் வரும்.

மார்ச் 3

"சாதாரண தையல் மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, துணியை வளையத்தில் பிடித்துக் கையால் நகர்த்தியே நான் பூப் போடுகிறேன், உங்களுக்கெல்லாம் ஏன் இந்தச் செலவு" என்று ஒருவர் வந்திருக்கிறார். அவருடைய பூக்களைப் பார்த்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கின்றன, என் மெஷின் போடுவதைவிட உயிரோடு இருக்கின்றன. பூ மட்டும் போதும் என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஒரே பெயரை ஒரே அளவில் பன்னிரண்டு பைகளில் போடும் வேலைக்கு மட்டும் என்னிடம் வாருங்கள்.

அவரே இன்னொன்றும் சொன்னார்: மெஷினில் போடுவது ஒரு கலையா என்று. 1863-இல் சுவிட்சர்லாந்தின் ஐசாக் குரோப்லி ஷிஃப்லி என்ற எம்ப்ராய்டரி மெஷினைச் செய்தபோதும் இதே கேள்வி வந்திருக்கும். ஷிஃப்லி என்றால் குட்டிப் படகு, அதில் அடிநூலைக் கொண்டு ஓடும் நாடாவின் (தறி ஓடம் மாதிரி) வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். பேச்சு எங்கேயோ போகிறது, நிறுத்துகிறேன்.

மார்ச் 9

பிப்ரவரி 4-இல் 'யாராலும் முடியாது' என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு, 100 மி.மீ. மெஷினுக்கே 100×170 ஹூப் கிடைக்கிறதே என்கிறார்கள். கிடைக்கிறது. மெஷினில் அதை மாட்ட இரண்டு மூன்று இடங்கள் உண்டு: ஒரு பகுதியைத் தைத்துவிட்டு, ஹூப்பைக் கழற்றி அடுத்த இடத்தில் மாட்டி, அடுத்த பகுதியைத் தைக்க வேண்டும். கை அப்போதும் 100-தான் நகர்கிறது. டிசைனை முன்கூட்டியே மென்பொருளில் வெட்டி வைக்க வேண்டும், ஒரே பூ அதைத் தாண்டினால் ஒட்டு தெரியும். ஆனால் நீளமான பெயருக்கு, எழுத்துகளுக்கு நடுவே வெட்டினால், அருமையாக வேலை செய்கிறது. இதை நான் முயன்று பார்த்ததே போன வாரம்தான். ஆகவே 'யாராலும்' என்பதை அடித்துவிடுங்கள்.

அதாவது சின்ன மெஷினை நான் சொன்ன அளவுக்கு ஒதுக்க வேண்டியதில்லை. பெயர்தான் முக்கிய வேலை என்றால் 100 மி.மீ. மெஷினும் அந்த நீள ஹூப்பும் ஓடும். பெரிய பூ, சட்டையின் முதுகு என்றால் 130×180. ஜானோம் 400இ மாதிரி 200×200 பழசில் வந்தால் இன்னும் நல்லது. தொப்பி போட ஆசை இருந்தால் இந்த விலையில் எதுவும் வேண்டாம், தட்டையான மெஷினில் தொப்பி மாட்டுவது சர்க்கஸ்.

மார்ச் 10

வெளிநாட்டிலிருந்து வந்த பழசு வாங்குகிறவர்கள் மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 100 அல்லது 120 வோல்ட் என்று இருந்தால் 220–240 வோல்ட் வீட்டில் நேராகச் செருகக் கூடாது, மின்மாற்றி வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

மார்ச் 28

இரண்டு வாரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. நான் 30 துணிப்பை போட்டு முடித்தேன். 23-ஆவது பையில் தைத்தபோது பையின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். பை இப்போது தலையணை.

ஏப்ரல் 12

கேட்டவர் வாங்கிவிட்டார். நாம் பேசிய இரண்டையும் வாங்கவில்லை. இரண்டு மாதம் பொறுத்து, நான்கு வருடம் ஓடிய, பென் டிரைவ் செருகக்கூடிய 130×180 மெஷின் ஒன்றைப் பிடித்திருக்கிறார். துணி, நூல், ஊசியோடு போனாராம். கரை வட்டத்தை விற்பவரின் எதிரிலேயே இரண்டு தடவை போட்டுப் பார்த்தாராம். விற்பவருக்குக் கொஞ்சம் கோபமாம், இருக்கட்டும்.

ஆனால் வீட்டுக்கு வந்த பின் எழுத்தின் ஓரங்களில் வெள்ளை நூல் மேலே எட்டிப் பார்க்கிறது, ஏமாந்துவிட்டேனா என்கிறார். டென்ஷன் எண்ணைத் திருகுவதற்கு முன் பாபினை எடுத்துத் திரும்ப வையுங்கள். நூல் கேஸின் காடிக்குள் இழுத்து உட்கார வேண்டும், மேலாகக் கிடந்தால் பிடிப்பே இருக்காது. மேல்நூலையும் ஒருமுறை முழுக்க எடுத்து, பாதத்தைத் தூக்கி வைத்துக் கோத்து வாருங்கள். பாபின் நூல் 60-ஆ 90-ஆ என்றும் பாருங்கள். சில மெஷின்கள் ஒன்றுக்கு, சில மற்றொன்றுக்குச் சரி செய்து வருகின்றன. கையேட்டில் இருக்கும்.

ஏப்ரல் 13

காடியில்தான் உட்காரவில்லையாம். முதல் துண்டின் படம் அனுப்பியிருக்கிறார். 'அம்மா' என்று போட்டிருக்கிறார். புள்ளி கொஞ்சம் அதிகமாகவே பெரிது.